புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் நம் வீட்டு அலமாரியும்

(பொன்விழாக் கருத்தரங்கில் இளைஞர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

பொன்விழாக் கருத்தரங்கில் பேச எங்களுக்கு ஒரு வாய்ப்புத் தந்தார்கள். 'சமுதாயத்தின் வருங்காலம்' பற்றிப் பேசுங்கள் என்றார்கள். நாங்கள் பழைய காகிதங்களைப் பற்றிப் பேசப் போகிறோம். அதுவும் வருங்காலம் பற்றிய பேச்சுத்தான் என்பதை, இன்ஷா அல்லாஹ், முடிக்கும்போது ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறோம். நாங்கள் வரலாற்று ஆசிரியர்கள் அல்ல. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டுக் கடைகளில் வந்து உட்கார்ந்தவர்கள். ஆகையால் வியாபாரிகளுக்குப் புரியும்படி, வரவு செலவு பார்ப்பதுபோலவே இதைச் சொல்கிறோம்.

ஊருக்குப் போகும்போது புதுச்சேரிக்குப் போய் வந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். காரைக்காலைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்களுக்கு அது சொந்த ஊர் மாதிரி. கடற்கரையும் பாரதி பூங்காவும் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பக்கத்தில் செயின்ட் லூயி தெருவில், கடலைப் பார்த்தபடி ஒரு பழைய வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம் இருக்கிறது. அதுதான் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். பிரான்ஸ் நாட்டு வெளியுறவு அமைச்சும் அந்நாட்டுத் தேசிய அறிவியல் ஆய்வு மையமும் சேர்ந்து நடத்துவது. தென்னிந்தியாவின் வரலாற்றையும் சமூகத்தையும் இயற்கையையும் ஒரே கூரையின் கீழ் ஆராய்வது அதன் வேலை.

அது பிறந்த நேரத்தைக் கவனியுங்கள். 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி, காரைக்கால் முதலிய பிரெஞ்சுப் பகுதிகளின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறியது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1955 மார்ச் 21 அன்று இந்த நிறுவனம் திறக்கப்பட்டது. ஆட்சி போய்விட்டது, அறிவு உறவாவது இருக்கட்டும் என்று இரண்டு நாடுகளும் நினைத்தன. முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா. கண் மருத்துவராகத் தொழில் செய்துகொண்டே சமஸ்கிருதமும் தமிழும் கற்றுப் பெரிய அறிஞர் ஆனவர்.

அவர்கள் செய்த வேலைகளில் மூன்றை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, ஓலைச்சுவடி. 1956 முதல் என்.ஆர். பட் என்ற இந்தியப் பண்டிதரும் அவருடன் இருந்தவர்களும் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கும் குருக்கள் வீடுகளுக்கும் போய்ச் சைவ ஆகமச் சுவடிகளைத் தேடினார்கள். தர மனம் உள்ளவர்களிடம் சுவடியை வாங்கினார்கள். தர மனமில்லாதவர்களை வற்புறுத்தவில்லை; கேட்டு வாங்கி, நகல் எழுதிக்கொண்டு, மூலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்படி எழுதிய காகித நகல்களே ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அதே ஊரில் இருக்கும் தூரக்கிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியின் மையத்தில் உள்ளவற்றையும் சேர்த்தால் புதுச்சேரியில் உள்ள சுவடிகள் சுமார் 11,000. 2005இல் யுனெஸ்கோ இவற்றை 'உலக நினைவு'ப் பதிவேட்டில் சேர்த்தது. அந்தச் சுவடிகளில் பல, குருக்கள் வீட்டுப் பரணில் கரையானுக்கு இரையாகியிருக்க வேண்டியவை.

இரண்டாவது, காடு. இந்த நிறுவனம் இந்தியாவின் தாவர வரைபடங்களைத் தாள் தாளாகத் தயாரித்தது. கன்னியாகுமரித் தாள் 1961இல் வந்தது. பிறகு 1980களில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் வரைபடங்களை, அந்தந்த மாநில வனத்துறைகளோடு சேர்ந்து வெளியிட்டார்கள். கர்நாடகத்தில் உப்பங்கள என்ற இடத்தில் ஒரு காட்டுப் பகுதியைக் குறித்துக்கொண்டு, அதே மரங்களை 30 ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப அளந்துவருகிறார்கள். மகரந்தத் தூளைக் கண்ணாடித் தகட்டில் பதித்து வைக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றும் உண்டு. அதற்குத் தலைமை வகித்தவர் கணபதி தணிகைமோனி. சதுப்புநிலக் காடுகளின் மகரந்தத்தை ஆராய்ந்தவர். 1986 செப்டம்பர் 5 அன்று, அமெரிக்காவில் நடந்த மாநாட்டுக்குப் போகும் வழியில், கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் கொல்லப்பட்டார்.

சேற்றில் புதைந்த மகரந்தம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் இருக்கும். அதை எடுத்துப் பார்த்தால் அந்தக் கரையில் முன்பு என்ன மரம் நின்றது என்று சொல்லிவிடலாம். நம் ஜொகூரில் தஞ்சோங் பியாய், பூலாவ் குக்குப், சுங்கை பூலாய் ஆகிய மூன்று சதுப்புநிலங்களும் 2003இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ஆசியப் பெருநிலத்தின் தென்முனை தஞ்சோங் பியாய். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போகும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள்: சேறுகூடக் கணக்கு எழுதி வைக்கிறது.

மூன்றாவது வேலைதான் நமக்கு மிக நெருக்கமானது. குடும்பக் காகிதம். பிரிட்டிஷ் நூலகத்தின் 'அழியும் நிலையிலுள்ள ஆவணங்கள்' திட்டத்தின் உதவியோடு, இந்த நிறுவனத்தார் தமிழ்நாட்டுக் கிராமக் குடும்பங்களிடம் இருந்த ஓலை, செப்பேடு, நிலப் பத்திரம், பஞ்சாயத்துத் தீர்ப்பு இவற்றைப் படமெடுத்தார்கள். இன்னொரு திட்டத்தில் தமிழ்நாட்டுப் பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் கிடந்த குடும்பப் படங்களையும் நெகடிவ்களையும் காப்பாற்றினார்கள். பெயர் தெரியாத மாப்பிள்ளையும் பெண்ணும், தொட்டிலில் குழந்தையும், வரைந்த திரைக்கு முன்னால் நின்ற நண்பர்களும்தான் அந்தப் படங்களில் இருப்பவர்கள். ராஜாக்கள் அல்ல. இந்தத் திட்டத்துக்கு ஒரு விதி உண்டு: மூலம் அந்த நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. நகல் மட்டுமே உலகத்துக்கு.

இந்த விதியின் அருமை, நம் பகுதியில் நடந்த ஒன்றை நினைத்தால் தெரியும். சர் ஸ்டாம்ஃபர்டு ராஃபிள்ஸ் இந்தப் பக்கத்திலிருந்து மலாய் ஏடுகளையும் வரைபடங்களையும் பெட்டி பெட்டியாகச் சேர்த்தார். 1824 பிப்ரவரியில் பெங்கூலனிலிருந்து 'ஃபேம்' என்ற கப்பலில் அவற்றை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். கரையைவிட்டுப் போன அன்று இரவே கப்பல் தீப்பிடித்தது. ஆட்கள் தப்பினார்கள், ஏடுகள் எல்லாம் எரிந்துபோயின. அந்த ஏடுகளில் வேறு நகல் இல்லாதவையும் இருந்தன. இதைக் கேள்விப்பட்டு மனம் நொந்து எழுதி வைத்தவர் மலாக்கா முன்ஷி அப்துல்லாஹ். அரபு, தமிழ் முன்னோர்களின் வழியில் வந்தவர், நம் உறவுக்காரர் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்.

அன்பர்களே! வெளிநாட்டுக்காரர் வந்து நம் வரலாற்றைச் சேர்ப்பதில் இரண்டு வகை உண்டு. அள்ளிக்கொண்டு போவது ஒரு வகை. இருந்த ஊரிலேயே வைத்துப் பாதுகாத்து, உள்ளூர்ப் பண்டிதரையும் இளைஞரையும் வேலைக்கு வைத்து, பட்டியல் போட்டு, அச்சிட்டு, கேட்டவருக்குக் காட்டுவது இன்னொரு வகை. புதுச்சேரியில் நடந்தது இரண்டாவது வகை. தி.வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரம் அந்த நிறுவனத்தில்தான் வெளிவந்தது. பிரான்சுவா குரோ என்ற பிரெஞ்சுத் தமிழறிஞர் அவரோடு தோளோடு தோள் நின்றார். அந்த நூல்கள் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆனாலும் அடுத்தவர் தம் பொருளை எப்படிக் காத்தார் என்று பார்த்துக் கற்றுக்கொள்வதில் தவறில்லை. நல்ல வியாபாரி பக்கத்துக் கடைக்காரரின் அடுக்கும் முறையைப் பார்த்துக் கற்றுக்கொள்வான்.

'ஜொகூரில் இருக்கிற நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்று ஒரு துறைமுகம். கற்பூரத்துக்குப் பேர்போன இடம். அங்கே 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வெட்டிவைத்தது. உடைந்துபோன அந்தக் கல்லின் வாசகத்தைச் சிரமப்பட்டுப் படித்து வெளியிட்டவர் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு, அவர் பின்னாளில் இந்தப் புதுச்சேரி நிறுவனத்திலும் பணியாற்றினார். அந்தக் கற்பூர மரம் நம் ஜொகூர்க் காடுகளிலும் வளர்வதுதான். ஜொகூரின் ஜக்கூன் மக்கள் கற்பூரம் தேடிக் காட்டுக்குள் போகும்போது வழக்கமான பேச்சை விட்டுவிட்டு, அதற்கென்றே ஒரு தனிமொழி பேசும் வழக்கம் வைத்திருந்தார்கள். மரத்தில் விளைந்தது, காட்டு மக்கள் எடுத்தது, தமிழ் வணிகர் கப்பலில் ஏற்றியது. இந்த மூன்றையும் பிரித்து எழுத முடியாது. வரலாறு, சமூகம், சுற்றுச்சூழல் என்று மூன்று துறைகளைப் புதுச்சேரியில் ஒரே இடத்தில் வைத்திருப்பதன் காரணம் இதுதான். வியாபாரிக்கு இது புதிதல்ல. மழை பிந்தினால் மிளகு விலை ஏறும் என்று தெரியாதவன் மிளகு விற்க முடியாது.

இன்னொன்றும் சொல்கிறோம். முன்ஷி அப்துல்லாஹ் சிறுவனாக இருந்தபோது அவருடைய தகப்பனார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். மலாக்காவில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது அந்தக் காலத்து வழக்கம் என்றும், கணக்குப் பார்க்க அது உதவும் என்றும், ஊரெல்லாம் நம் வணிகர்களாக இருந்தார்கள் என்றும் அவரே தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். எண்ணிப் பாருங்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கரையில் கணக்கு எழுதும் மொழியாகத் தமிழ் இருந்தது. அந்தக் கணக்கு ஏடுகள் இப்போது எங்கே?

ஒரு நற்செய்தியும் உண்டு. 1887 முதல் 1890 வரை சி.கு. மகுதூம் சாயபு அவர்கள் சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வாரப் பத்திரிகையை நடத்தினார்கள். அதன் இதழ்கள் காப்பாற்றப்பட்டதால் இன்று ஆய்வாளர்கள் அதைப் படித்து, அந்தக் காலத்து நம்மவர்கள் எதற்குச் சண்டை போட்டார்கள், எதற்கு நன்கொடை கொடுத்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்றெல்லாம் எழுதுகிறார்கள். அந்த ஒரு பத்திரிகை தப்பியதால் நாலு வருடத்துச் சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம்களின் வாழ்க்கை நமக்குக் கிடைத்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு அப்படி ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அது நூலகத்தில் இல்லை. நம் வீடுகளில் இருக்கிறது. கடையின் நாள்வழி ஏடு, பேரேடு, கடன் நோட்டு. ரஜூலா, ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ், சிதம்பரம் கப்பல்களில் வந்த டிக்கெட்டு. பழைய பாஸ்போர்ட்டு. ஊரிலிருந்து பாட்டிமார் அரபுத்தமிழில் எழுதிய கடிதம். மவ்லிது கிதாபின் ஓரத்தில் பிள்ளை பிறந்த நாளைக் குறித்த வரி. கந்தூரி நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடைவாசலில் எல்லாரும் வரிசையாக நின்று எடுத்த போட்டோ. இவைதான் ஜொகூர்த் தமிழ் முஸ்லிம்களின் சுவடிகள்.

இந்தக் காகிதத்தால் என்ன பயன் என்பதற்கு, நம் சங்கத்திலேயே ஒரு சான்று கிடைத்தது. இந்தப் பொன்விழா மலருக்காக நாங்கள் தேடியபோது ஆரம்ப காலக் கூட்டக் குறிப்பேடுகளில் சில கிடைக்கவில்லை. முதல் கூட்டம் எந்தக் கடை மாடியில் நடந்தது என்று இரண்டு பெரியவர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். இருவரும் நேர்மையானவர்கள், யாரை மறுப்பது? கடைசியில் ஒரு குடும்பத்தார் கொண்டுவந்து கொடுத்த நாள்வழி ஏட்டில், ஒரு தேதிக்கு நேரே, 'சங்கக் கூட்டம், மாடி, டீ பிஸ்கட்' என்று எழுதித் தொகையும் போட்டிருந்தது. அந்த ஒரு வரி பிரச்சினையைத் தீர்த்தது. எழுதியவர் வரலாறு எழுதுவதாக நினைத்து எழுதவில்லை. செலவை எழுதினார். அவ்வளவுதான்.

அதே ஏட்டைப் புரட்டினால் வேறு செய்திகளும் வருகின்றன. மழை வெள்ளத்தால் கடை திறக்காத நாள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று பற்று வைத்திருந்தவர்களின் பெயர். ரமலான் மாதத்துக் கஞ்சிக்கு அரிசி கொடுத்த கணக்கு. மல்லியும் மிளகாயும் விற்ற விலை. ஒரு ஊரின் வானிலையும் உறவும் சாப்பாடும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. புதுச்சேரி நிறுவனத்தார் மூன்று துறை வைத்துத் தேடுவதை நம் பெரியவர்கள் ஒரே நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எழுதி வைப்பது நம் மார்க்கத்தில் சாதாரணக் காரியம் அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான் என்பது ஆலிம்களுக்குத் தெரியும். தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதுவதில் சோம்பல் படாதீர்கள் என்பது அதன் கருத்து. நம் பெரியவர்கள் அப்படியே எழுதினார்கள். எழுதியதைக் காப்பது நம் பங்கு.

ஆனால் காலம் குறைவு. மூன்று எதிரிகள் இருக்கிறார்கள். ஒன்று, நம் ஊர்க் காற்று. வருடம் முழுக்க ஈரம். பூஞ்சையும் கரையானும் இராமபாணப் பூச்சியும் விடாது. இரண்டு, வெள்ளம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கோத்தா திங்கி, சிகாமட், பத்து பகாட் பக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு மெத்தையோடும் நாற்காலியோடும் சேர்ந்து எத்தனை வீட்டு ஆல்பங்கள் குப்பை லாரியில் போயின என்று யாருக்கும் கணக்கு இல்லை. மூன்றாவது எதிரி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தகப்பனார் மவுத்தானதும் கடையை ஒழுங்குபடுத்துகிறோம். தமிழ் எழுத்துத் தெரியாத, அரபுத்தமிழைக் கேள்விப்பட்டிராத பிள்ளைகளின் கையில் அந்த ஏடு போய்ச் சேருகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. என்னவென்று தெரியாத பொருளை யார்தான் வைத்துக்கொள்வார்கள்? பழைய பேப்பர்க்காரருக்குப் போய்விடுகிறது.

இந்த யோசனையைச் சங்கத்தில் சொன்னபோது பெரியவர்கள் இரண்டு கேள்வி கேட்டார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்.

முதல் கேள்வி: 'கடன் நோட்டில் ஊரார் கடன் எல்லாம் இருக்குமே தம்பி, அதை வெளியே காட்டலாமா?' காட்டக்கூடாது. அது அமானிதம். யார் வீட்டுக் குறையையும் அம்பலப்படுத்த நமக்கு உரிமை இல்லை. ஆகையால் எங்கள் யோசனை இது: கடன் சம்பந்தப்பட்ட ஏடுகள், குடும்பக் கடிதங்கள் இவற்றைப் படமெடுத்து மூடி வைப்போம். எத்தனை வருடம் மூடியிருக்க வேண்டும் என்பதை அந்தக் குடும்பமே எழுதிக் கொடுக்கட்டும். 30 வருடமோ 50 வருடமோ, அவர்கள் சொல்வதே சட்டம். திறந்து காட்டலாம் என்று குடும்பத்தார் ஒப்புதல் தந்தவை மட்டும் எல்லாருக்கும்.

இரண்டாவது கேள்வி: 'இதற்குக் கட்டடம் வேண்டும், காசு வேண்டும், பிரெஞ்சு அரசாங்கம் போல யார் இருக்கிறார்கள்?' கட்டடம் வேண்டாம். மூலம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். எங்களுக்குத் தேவை ஒரு நாள் மட்டும். புதுச்சேரிப் பண்டிதர்கள் நகலெடுத்துக்கொண்டு சுவடியைத் திருப்பிக் கொடுத்த அதே வழி. அவர்கள் கையால் எழுதினார்கள், நமக்கு ஸ்கேனர் இருக்கிறது.

எங்களில் பாலிடெக்னிக்கில் படித்த நாலைந்து பேர் சேர்ந்து வேலைமுறையை இப்படி வகுத்திருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் ஸ்கேனரோடு உட்காருவோம். காகிதங்களை 300 டிபிஐக்குக் குறையாமல், வண்ணத்தில் எடுப்போம். சின்னப் போட்டோக்களை இன்னும் கூடுதலாக. தைத்த ஏட்டைப் பிரிக்க மாட்டோம். பிரித்தால் வரிசை போய்விடும், அதை விரித்த நிலையில் மேலிருந்து கேமராவால் எடுப்போம். ஒவ்வொரு படத்துக்கும் பெயர், ஊர், ஏறத்தாழ வருடம், கொடுத்தவர் யார் என்று பட்டியல் எழுதுவோம். பட்டியல் இல்லாத படம், சீட்டு ஒட்டாத மூட்டை மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எடுத்ததை மூன்று நகல் வைப்போம்: ஒன்று சங்கத்தில், ஒன்று உங்கள் கையில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் ஓர் உறுப்பினர் வீட்டில். ஒரே வெள்ளத்தில் மூன்றும் போகாது அல்லவா?

நீங்களும் சில காரியங்கள் செய்யலாம். பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள்; அது பிறகு பிரியாது, உள்ளேயே கெடும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். துருப்பிடித்த கிளிப்பையும் ஸ்டேபிளையும் மெதுவாக எடுத்துவிடுங்கள். தரையோடு வைக்காமல், சுவரை ஒட்டாமல், மேல் தட்டில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள். போட்டோவின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள். மெல்லிய பென்சிலால் ஓரத்தில் பெயர் எழுதுங்கள். முக்கியமாக, அதில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய நன்னாவும் நன்னியும் நம்மோடு இருக்கும்போதே எழுதுங்கள். காகிதம் இன்னும் பத்து வருடம் தாங்கலாம். அந்தப் பெயர்கள் அதுவரை தாங்குமா என்பது அல்லாஹ்வுக்கே தெரியும்.

அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த மூத்த தாய்மார்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். வந்து எங்கள் பக்கத்தில் உட்காருங்கள். நாங்கள் மெஷினை இயக்குவோம். நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள். இந்த வேலையில் ஆசிரியர் நீங்கள்தான், நாங்கள் எடுபிடி. புதுச்சேரியிலும் அப்படித்தான் நடந்தது. பிரெஞ்சுக்காரர் பெயர் கட்டடத்தின் மேல் இருந்தாலும், சுவடியை வாசித்துச் சொன்னவர் உள்ளூர்ப் பண்டிதரே.

வேலை ஓரளவு நிறைந்த பிறகு, குடும்பங்கள் சம்மதித்தால், ஒரு தொகுப்பை நம் நாட்டின் தேசிய ஆவணக் காப்பகமான அர்க்கிப் நெகாராவிடமும் கொடுக்கலாம். அது 1957இல், நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில் தொடங்கப்பட்டது. ஜொகூரின் கதையில் காசுக்கட்டியும் மிளகும் உண்டு, சீனர் தோட்டங்கள் உண்டு, அரண்மனை உண்டு, 1924இல் திறந்த பாலம் உண்டு. அந்தப் பாலத்தின் இரண்டு பக்கமும் சாமான் விற்ற நம்மவர்களும் அந்தக் கதையில் இருக்க வேண்டும். நாம் கொண்டுபோய்க் கொடுக்காமல் யாரும் நம்மை எழுத மாட்டார்கள். எழுதினாலும் ஊகமாகத்தான் எழுதுவார்கள்.

பெரியோர்களே! ஒரு பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுக் கிராமத்தில், முன்பின் தெரியாத குடும்பத்தின் கல்யாணப் போட்டோவைப் பாதுகாக்க வேண்டும் என்று நினைத்தது. அந்தப் போட்டோவில் இருந்தவர்கள் அதன் உறவினர்கள் அல்ல. நம் அலமாரியில் இருப்பவர்களோ நம் அத்தா, நம் வாப்பா, நம் பெரியத்தா. கடல் தாண்டி வந்து, கடை மாடியில் படுத்து, ஊருக்குப் பணம் அனுப்பி, இந்தச் சங்கத்தையும் கட்டியவர்கள். அவர்கள் எழுதிய ஒரு வரியைக் காப்பாற்ற நமக்கு வேறு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நூறாவது ஆண்டு விழாவில் இந்த மேடையில் பேசப் போகிறவர்கள் இப்போது பின்வரிசையில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள். அவர்கள் மலர் தயாரிக்க உட்காரும்போது, எந்த மாடி, எந்த வருடம், யார் யார் என்று தேடி அலையாமல் இருக்க வேண்டும். ஆகவே முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு பொருள் கொண்டுவாருங்கள். ஓர் ஏடு, ஒரு கடிதம், ஒரு போட்டோ, எதுவானாலும் சரி. மாலையில் அதைக் கையோடு வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

நமக்கு முன்னால் உழைத்துப் போன மர்ஹூம்களின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, அவர்களுடைய கப்ருகளை ஒளிமயமாக்குவானாக. அவர்கள் விட்டுச் சென்ற அமானிதத்தைக் காக்கும் வலிமையை நமக்குத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.